எந்தப் புரோகிராமிங் மொழி எளிது, எது கண்ணுக்கு இதம்? ஒரே வேலையை ஆறு மொழிகளில் எழுதி ஒப்பிடும் முழு வழிகாட்டி

ஒரு மொழி எளிதா இல்லையா என்பதை ‘வணக்கம் உலகம்’ என்று திரையில் காட்டும் நிரலை வைத்துத் தீர்மானிக்கவே கூடாது. அது பைத்தானில் ஒரு வரி, பழைய ஜாவாவில் ஐந்து வரி. வித்தியாசம் உண்மைதான். ஆனால் அந்தக் கூடுதல் நான்கு வரிகளை ஒரு நிரலுக்கு ஒருமுறைதான் தட்டுகிறோம், பெரும்பாலும் எடிட்டரே போட்டுவிடுகிறது. அன்றாடம் நேரத்தைத் தின்பவை வேறு: அடைப்புக்குறியை மூட மறந்தபின் மொழி எந்த வரியைக் காட்டுகிறது, மாறியின் பெயரில் ஓர் எழுத்து பிசகினால் எப்போது தெரிகிறது, இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் எங்கே என்ன இருக்கிறது என்று பிடிபடுகிறதா. மொழிகளை ஒப்பிட வேண்டிய இடம் இவைதான்.

கீழே உள்ள முறை பைத்தான், கோ, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், ரஸ்ட், சி ஆகிய ஆறுக்குமாக எழுதப்பட்டது. மொழிகளை மாற்றிக்கொள்ளலாம், முறை மாறாது. அரைகுறையாகத் தெரிந்த இரண்டு மூன்று மொழிகளில் செய்தாலே போதும்.

1. வேலையைத் தேர்ந்தெடுங்கள்

வேலை 60 வரிக்கு மேல் போகக் கூடாது. ஆனால் அதில் கோப்பு வாசிப்பு, தரவுத் திரட்டல், வரிசைப்படுத்தல், தோல்வியடையும் சாத்தியம் நான்கும் இருக்க வேண்டும். இதற்குப் பொருத்தமானது சொல்லெண்ணி. ஓர் உரைக்கோப்பைப் படித்து, சொற்களாகப் பிரித்து, அதிகம் வந்த 10 சொற்களையும் ஒவ்வொன்றும் எத்தனை முறை வந்தது, எத்தனை எழுத்து நீளம் என்பதையும் அச்சிட வேண்டும்.

உள்ளீட்டுக்குத் திருக்குறள் மூலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் நூல்களின் மின்தொகுப்பான மதுரைத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தலைப்புகளையும் குறள் எண்களையும் நீக்கிவிட்டால், சீர் பிரித்த பாடத்தில் 1330 குறளுக்கு ஏழு சீர் வீதம் 9310 துண்டுகள் வர வேண்டும். மொத்தம் எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிவது பெரிய வசதி. 9310 வராவிட்டால் கோப்பில் எண்ணோ குறியோ மிச்சம் இருக்கிறது, இல்லை நிரலில் பிழை.

எழுதத் தொடங்குமுன் விதிகளைத் தாளில் குறித்துவிடுங்கள். கோப்பு இல்லையென்றால் ஒரே வரிச் செய்தி, முடியும்போது இயங்குதளத்துக்குத் தரும் வெளியேறும் எண் 1. கோப்பு காலியென்றால் ‘சொல் எதுவும் இல்லை’. மொழியோடு வரும் நூலகம் மட்டுமே, வெளித் தொகுப்பு கிடையாது. இரண்டு சொற்கள் சம எண்ணிக்கையில் வந்தால் கோப்பில் முதலில் தோன்றியது முன்னே.

கடைசி விதியை எழுதாமல் விட்டால் ஒப்பீடே குழம்பும். கோ மொழியின் மேப் (சாவிக்கு மதிப்பைச் சேமிக்கும் அகராதி போன்ற அமைப்பு) வேண்டுமென்றே ஒவ்வொரு முறையும் வேறு வரிசையில் சுற்றும். ரஸ்ட்டின் ஹேஷ்மேப்பும் அப்படியே. பைத்தானின் எண்ணும் அகராதியான கவுண்டரும் ஜாவாஸ்கிரிப்டின் மேப்பும் நுழைந்த வரிசையைக் காக்கும். விதி இல்லையென்றால் இரண்டு மொழிகளில் விடை வெவ்வேறாக வரும், எது பிழை என்று தேடி ஒரு மாலை போய்விடும்.

2. நிறுவும் நேரத்தைத் தனியே குறியுங்கள்

எதுவும் இல்லாத கணினியில் தொடங்கி முதல் நிரல் ஓடும்வரை எவ்வளவு நேரம் என்று பாருங்கள். இதை மொழியின் எளிமையோடு சேர்க்காதீர்கள். ஒருமுறை கொடுத்துத் தீர்க்கும் விலை இது. ஆனால் புதிதாகக் கற்பவர் பலர் இந்த இடத்திலேயே கைவிடுகிறார்கள் என்பதால் கணக்கில் இருக்கட்டும்.

ஜாவாஸ்கிரிப்டில் முதல் நிரலை ஓட்ட உலாவியின் கன்சோல் போதும், நேரம் பூஜ்யம். கோ ஒரே பதிவிறக்கத்தில் முடிகிறது. கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவது), வடிவமைப்பான் (நிரலின் இடைவெளிகளைச் சீராக்குவது), சோதனைக் கருவி எல்லாம் அதற்குள் இருக்கின்றன. விண்டோஸில் ரஸ்ட்டை வழக்கமான முறையில் நிறுவினால் மைக்ரோசாஃப்டின் சி++ பில்ட் டூல்ஸும் வேண்டும், அந்தப் பதிவிறக்கம்தான் பெரிது. பைத்தான் நிறுவுவது சுலபம், சிக்கல் அடுத்த படியில். புதிய உபுண்டு, டெபியன் லினக்ஸில் பிப் என்னும் தொகுப்பு நிறுவியைக் கொண்டு எதையாவது நிறுவப் போனால், இந்தச் சூழலை இயங்குதளம் நிர்வகிக்கிறது என்று மறுத்துவிடும். தனி வென்வ் சூழல் உருவாக்கி அதற்குள் நிறுவுவதே சரியான வழி. அந்த மறுப்பைக் கட்டளையில் ஒரு கொடி சேர்த்து மீறும் யோசனைகள் இணையத்தில் நிறைய உண்டு, பின்பற்றாதீர்கள். இயங்குதளத்தின் சொந்தக் கருவிகள் உடையக்கூடும்.

3. எழுதுங்கள், தடுக்கிய இடங்களைக் குறியுங்கள்

எழுதும்போது அருகில் ஒரு தாள் இருக்கட்டும். ஆவணத்தைத் திறந்து பார்க்க வேண்டி வந்த ஒவ்வொரு முறையும் ஒரு கோடு. மொழி உங்கள் தலைக்குள் எவ்வளவு தங்குகிறது என்பதை வரி எண்ணிக்கையைவிட இந்தக் கோடுகள் நேர்மையாகச் சொல்லும்.

பைத்தானில் மைய வேலை ஒரே வரிதான்: உரையை ஸ்ப்ளிட் செய்து கவுண்டருக்குக் கொடுத்து, மோஸ்ட் காமன் 10 என்று கேட்டால் முடிந்தது. பிழைச் செய்திகளோடு மொத்தம் 15 வரிக்குள் அடங்கும். இரண்டு இடங்களில் கால் வழுக்கும். விண்டோஸில் கோப்பைத் திறக்கும்போது குறியாக்கம் (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) யூடிஎஃப்-8 என்று சொல்லாவிட்டால், கணினியின் பழைய குறியாக்கத்தில் படித்து ஒன்று பிழை தரும், இல்லை எழுத்துகளைச் சிதைக்கும். 3.15 பதிப்பு முதல் யூடிஎஃப்-8 இயல்பாகும் என்று முடிவாகியிருக்கிறது. அதுவரை கையால் எழுதுங்கள். கோப்பின் தலையில் பிஓஎம் என்னும் கண்ணுக்குத் தெரியாத குறி இருந்தால் முதல் சொல்லோடு ஒட்டிக்கொண்டு அதைத் தனிச் சொல்லாக்கும். ‘யூடிஎஃப்-8-சிக்’ என்ற குறியாக்கப் பெயர் அதை உதிர்த்துவிடும்.

இரண்டாவது வழுக்கல் தமிழுக்கே உரியது. சொல் பிரிக்க ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (உரையில் வடிவம் தேடும் குறிமுறை) எழுத்தைக் குறிக்கும் பின்சாய்கோடு-டபிள்யூ போடுவது பலருக்குக் கைப்பழக்கம். பைத்தானின் இயல்பான ஆர்ஈ தொகுப்பு புள்ளியையும் உயிர்க்குறிகளையும் எழுத்தாகக் கருதாது. ‘கற்க’ என்ற சொல் ‘கற’, ‘க’ என்று இரண்டாகிவிடும். ஜாவாஸ்கிரிப்ட், கோ மொழிகளில் அதே குறி ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே ஏற்கும், தமிழ் முழுவதும் காணாமல் போகும். ரஸ்ட்டின் வழக்கமான ரெஜெக்ஸ் தொகுப்பு இதைச் சரியாகச் செய்கிறது, ஆனால் அது வெளித் தொகுப்பு. இந்த வேலைக்கு வெற்றிடத்தில் பிரிப்பதே பாதுகாப்பு.

கோ மொழியில் சுமார் 40 வரி ஆகும். சொல்லை எண்ணும் வரி மிகச் சிறியது: மேப்பில் இல்லாத சாவியைக் கேட்டால் பூஜ்யம் வரும், எனவே நேரே கூட்டலாம். ஆனால் தோல்வியடையக்கூடிய ஒவ்வோர் அழைப்புக்குப் பின்னும் ‘எரர் காலியில்லையென்றால்’ என்று மூன்று வரி. வரிசைப்படுத்த சார்ட்.ஸ்லைஸ் என்று போட்டால் சம எண்ணிக்கைச் சொற்கள் இடம் மாறும், ஏனென்றால் அது வரிசை காக்காத முறை. ஸ்லைஸ்ஸ்டேபிள் வேண்டும். அதோடு, தோன்றிய வரிசையைத் தனிப் பட்டியலிலும் வைக்க வேண்டும். பயன்படுத்தாத மாறியோ இம்போர்ட்டோ ஒன்று இருந்தாலும் கம்பைல் ஆகாது. முதல் நாளில் எரிச்சலூட்டும் இந்தக் கண்டிப்பு, பலர் கை வைக்கும் நிரலில் பெரும் நிம்மதி.

ஜாவாவின் பழைய கெட்டபெயருக்கு இப்போது பாதிக் காரணம்தான் மிச்சம். 2018-இல் வந்த 11-ஆம் பதிப்பு முதல் தனிக் கோப்பைக் கம்பைல் கட்டளை இல்லாமலே ஓட்டலாம். 2025 செப்டம்பரில் வந்த 25-ஆம் பதிப்பில், கிளாஸ் என்னும் உறையும் பப்ளிக் ஸ்டாட்டிக் என்ற முன்னொட்டுகளும் இல்லாமல் மெயினை மட்டும் எழுதினால் போதும். லிங்க்டுஹேஷ்மேப் எடுத்தால் நுழைந்த வரிசையும் காக்கப்படும். சரங்களை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிடும் பொறி மட்டும் அப்படியே இருக்கிறது. அது உள்ளடக்கத்தைப் பார்க்காது, இரண்டும் ஒரே பொருளா என்று மட்டும் பார்க்கும். ஈக்வல்ஸ் போடுங்கள்.

ஜாவாஸ்கிரிப்டில் எண்ணிக்கைக்கு வெறும் நெளிவு அடைப்பால் ஆன ஆப்ஜெக்டை எடுக்காதீர்கள். உரையில் ‘கன்ஸ்ட்ரக்டர்’ என்ற ஆங்கிலச் சொல் வந்தால், அந்தப் பெயரில் ஏற்கெனவே உள்ளிருக்கும் ஃபங்ஷனோடு உங்கள் எண் போய் ஒட்டும். மேப் பயன்படுத்துங்கள். சார்ட்டுக்கு ஒப்பீட்டு விதி கொடுக்காவிட்டால் எண்களையும் சரமாக்கி வரிசைப்படுத்தும்: 1, 10, 9 என்று வரும்.

ரஸ்ட்டில் கோடுகள் அதிகம் விழும். சொற்கள் மூல உரையிலிருந்து கடனாக வந்தவை, எனவே உரை உயிரோடிருக்கும்வரைதான் அவையும் செல்லும். இதைக் கம்பைலர் ஒப்புக்கொள்ளும்படி எழுதப் பழக நாளாகும். ஒன்றைச் சொல்ல வேண்டும்: ரஸ்ட் மறுக்கும்போது எந்த வரி, ஏன், எப்படித் திருத்தலாம் என்று மூன்றையும் சொல்கிறது. இந்த ஆறில் அதன் பிழைச் செய்திகளே சிறந்தவை.

சியின் நிலையான நூலகத்தில் அகராதி போன்ற மேப்பே இல்லை. ஹேஷ் அட்டவணையை நீங்களே கட்ட வேண்டும், 60 வரி வரம்பை இது ஒன்றே தாண்டும், 100-ஐத் தொடும். அளவு குறிக்காமல் ஸ்கேன்ஃபில் சொல் வாசித்தால் நீளமான சொல் நினைவகத்தை மீறி எழுதும். இன்னொரு நுட்பமான பொறி: தமிழ் எழுத்தின் யூடிஎஃப்-8 பைட்டுகள் எல்லாமே 127-க்கு மேற்பட்டவை. வழக்கமான கணினிகளில் சார் என்பது குறியுள்ள வகை, அதனால் அவை எதிர்மறை எண்ணாகின்றன. அதை, வெற்றிடமா என்று பார்க்கும் இஸ்ஸ்பேஸுக்கு நேரே கொடுப்பது வரையறுக்கப்படாத நடத்தை, எதுவும் நடக்கலாம். முதலில் அன்சைன்டு சாராக மாற்றுங்கள். கம்பைல் செய்யும்போது எல்லா எச்சரிக்கைகளையும், நினைவகப் பிழையைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரையும் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் தவறான நிரலும் சரியாக ஓடுவதுபோல் தோற்றம் காட்டும்.

ஆறுக்கு வெளியே ரூபியை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். 2.7 பதிப்பில் வந்த டேலி என்ற முறையால் இந்த வேலை இடமிருந்து வலமாக ஒரே மூச்சில் வாசிக்கும்படி அமைகிறது. தோற்றத்துக்கு மட்டும் பரிசு என்றால் அதற்குக் கொடுத்துவிடலாம்.

4. தோற்றத்தை அளக்குமுன் வடிவமைப்பானை ஓட்டுங்கள்

நிரலின் அழகு என்று மக்கள் சண்டை போடுவதில் பெரும்பகுதி இடைவெளியும் அடைப்புக்குறி இடமும்தான். அதை மனிதரிடமிருந்து எடுத்துவிடுங்கள். கோவுக்கு கோஃபம்ட், ரஸ்ட்டுக்கு ரஸ்ட்ஃபம்ட், பைத்தானுக்கு பிளாக், ஜாவாஸ்கிரிப்டுக்கு பிரிட்டியர், சிக்கும் ஜாவாவுக்கும் கிளாங்-ஃபார்மட். கோஃபம்ட்டில் பாணியைத் தேர்ந்தெடுக்கும் வசதியே இல்லை, உள்தள்ளல் டேப்தான். பிளாக் வரியை 88 குறிகளுக்குள் மடிக்கும். பைத்தானின் அதிகாரபூர்வ நடைக்கையேடான பெப் 8 சொல்வது நான்கு இடைவெளி, 79 குறி.

பிறகு மூன்று அளவுகளை எடுங்கள்.

முதலாவது, குறியடர்த்தி. ஒரே வேலையைச் செய்யும் வரியை எடுத்து எழுத்து, எண், அடிக்கோடு எல்லாவற்றையும் நீக்குங்கள். மிஞ்சுவதை எண்ணுங்கள். ‘இந்தச் சொல்லின் எண்ணிக்கையை ஒன்று கூட்டு’ என்ற வரியில் மிஞ்சுபவை:

பைத்தான் (கவுண்டர் இல்லாமல், கெட் முறையில்): [ ] = . ( , ) + → 8
கோ: [ ] + + → 4
ஜாவா (மெர்ஜ் முறையில்): . ( , , : : ) ; → 8
ரஸ்ட்: * . ( ) . ( ) + = ; → 10
ஜாவாஸ்கிரிப்ட் (மேப் கொண்டு): . ( , ( . ( ) ? ? ) + ) ; → 13

சியில் இது ஒரு வரியே அல்ல. ‘பைத்தான் சுத்தம், ஜாவா குப்பை’ என்ற பேச்சு இந்த ஒரு வரியில் நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் ஒரு வரியை வைத்தும் முடிவு கட்டக் கூடாது. முழுக் கோப்புக்கும் இதையே செய்யுங்கள், கோ இங்கே சேமித்ததைப் பிழை கையாளும் வரிகளில் திருப்பிக் கொடுப்பது தெரியும்.

இரண்டாவது, ஆழம். மிக உள்ளே இருக்கும் வரி எத்தனை அடுக்குக்குள் இருக்கிறது? மூன்றைத் தாண்டினால் குறியுங்கள். மொழியால் ஆனதா, எழுதியவரால் ஆனதா என்றும் எழுதுங்கள். பெரும்பாலும் எழுதியவர்தான்.

மூன்றாவது, வடிவம். எடிட்டரில் எழுத்தை வாசிக்க முடியாத அளவுக்குச் சுருக்குங்கள். வாசித்தல், எண்ணுதல், வரிசை, அச்சு என்ற நான்கு பகுதிகளும் நான்கு கட்டிகளாகத் தனித்துத் தெரிகின்றனவா? பைத்தானில் உள்தள்ளலே கட்டளையின் எல்லை என்பதால் வடிவமும் பொருளும் பிரிய வழியில்லை. சியில் பிரியலாம். 2014 பிப்ரவரியில் ஆப்பிள் அவசரமாகத் திருத்திய பாதுகாப்புக் குறை இதற்குச் சான்று: கோடூ ஃபெயில் என்ற வரி இரண்டு முறை வந்துவிட்டது, அடைப்பு இல்லாததால் இரண்டாவது வரி நிபந்தனைக்கு வெளியே விழுந்து எப்போதும் ஓடியது, சேவையகத்தின் கையொப்பச் சோதனை தாவப்பட்டது. உள்தள்ளலைப் பார்த்த கண்ணுக்கு அது நிபந்தனைக்குள் இருப்பதாகத்தான் பட்டது. பின்னர் சி கம்பைலரான ஜிசிசியின் 6-ஆம் பதிப்பு, ஏமாற்றும் உள்தள்ளலை எச்சரிக்கும் வசதியைக் கொண்டுவந்தது. கோவிலும் ரஸ்ட்டிலும் அடைப்பு கட்டாயம் என்பதால் இந்தப் பிழைக்கு இடமில்லை.

பைத்தானின் முறைக்கும் விலை உண்டு. வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது டேபும் இடைவெளியும் கலந்தால் டேப் எரர் வரும். அது பரவாயில்லை, சொல்கிறது. அச்சிடும் வரி ஓர் அடுக்கு உள்ளே போய் லூப்புக்குள் விழுந்தால் ஒன்றும் சொல்லாது.

குறிகள் கற்பவரை எவ்வளவு பாதிக்கின்றன என்பதை ஆண்ட்ரியாஸ் ஸ்டெஃபிக், சுசானா சீபர்ட் இருவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் பார்த்தார்கள். சொற்களையும் குறிகளையும் குலுக்கல் முறையில் தேர்ந்த ரேண்டமோ என்ற மொழியை ஒப்பீட்டுக்கென்றே உருவாக்கினார்கள். பெர்ல், ஜாவா போன்ற சி வழி வந்த இலக்கணத்தில் எழுதிய புதியவர்கள் ரேண்டமோவில் எழுதியவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மேலாக இல்லை. பைத்தான், ரூபி, குவோரம் மூன்றிலும் எழுதியவர்கள் மேலாக இருந்தார்கள். நெளிவு அடைப்பு பழகியவருக்குத்தான் இயல்பு.

5. தமிழைக் கொடுத்துப் பாருங்கள்

‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்ன என்று ஒவ்வொரு மொழியிடமும் கேளுங்கள். நமக்கு மூன்று. பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் 5 என்கின்றன, உயிர்க்குறியையும் புள்ளியையும் தனியே எண்ணுவதால். கோவும் ரஸ்ட்டும் சியும் 15 என்கின்றன. அவை பைட்டை எண்ணுகின்றன, தமிழின் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8-இல் மூன்று பைட்டு. எதையும் கேட்காமல் 3 என்று சொல்வது ஸ்விஃப்ட். எலிக்ஸிரும் சொல்லும்.

இங்கே ஜாவாஸ்கிரிப்ட் முன்னேறுகிறது. அதனோடு வரும் இன்ட்ல் என்னும் மொழி வசதித் தொகுப்பின் செக்மென்டர் சரியாக மூன்றாகப் பிரித்துத் தரும். பைத்தானின் இயல்பான நூலகத்தில் இதற்கு நேரான வழி இல்லை. யூனிகோட்டேட்டா தொகுப்பைக் கொண்டு, யூனிகோட் வகைப்பெயர் ‘எம்’ என்று தொடங்கும் குறிகளை எண்ணாமல் விட்டால் தமிழுக்குச் சரியாக வரும். அப்போதும் ‘க்ஷ’ இரண்டாகவே எண்ணப்படும் என்பதை நினைவில் வையுங்கள்.

அடுத்து, ‘கொ’ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒரே கொம்புக்கால் குறி, அல்லது கொம்பும் காலும் தனித்தனிக் குறிகள். திரையில் ஒன்றுபோல் இருக்கும், ஒப்பிட்டால் சமமில்லை என்று வரும், எண்ணிக்கை இரண்டாகப் பிரியும். வாசித்தவுடன் என்எஃப்சி என்னும் சீரான யூனிகோட் வடிவத்துக்கு மாற்றுவதே மருந்து. பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றிலும் இது உள்ளேயே இருக்கிறது. கோவில் துணைத் தொகுப்பு வேண்டும், ரஸ்ட்டிலும் வெளியிலிருந்துதான்.

மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் வைப்பதையும் சோதியுங்கள். ‘எண்ணிக்கை’ என்ற பெயரைப் பைத்தான் 3, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் ஏற்கும், 2021-இல் வந்த 1.53 பதிப்பு முதல் ரஸ்ட்டும் ஏற்கும். கோ ஏற்காது. அதன் இலக்கணத்தில் பெயருக்குள் எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே வரலாம். புள்ளியும் உயிர்க்குறியும் யூனிகோடில் எழுத்து வகையில் சேராதவை. ‘பல’ என்று பெயர் வைக்கலாம், ‘பால்’ என்று வைக்க முடியாது. அந்தப் பெயரையும் தொகுப்புக்கு வெளியே காட்ட வழியில்லை. கோவில் பெரிய எழுத்தில் தொடங்குவதே வெளியே தெரியும், தமிழில் பெரிய எழுத்து கிடையாது. ஜாவாஸ்கிரிப்ட், ஜாவா இரண்டும் பெயர்களை என்எஃப்சிக்கு மாற்றுவதில்லை. எனவே கொம்புக்கால் வேறுபாட்டால் ஒரே மாதிரித் தெரியும் இரண்டு மாறிகள் உருவாகலாம். பைத்தானும் ரஸ்ட்டும் ஒன்றாக்கிவிடும்.

கட்டளைச் சொற்களே தமிழில் வேண்டுமென்றால் முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் இருக்கிறது. ‘பதிப்பி’ அச்சிடும், ‘முடி’ பகுதியை மூடும், நிபந்தனை முன்னே வந்து ‘ஆனால்’ பின்னே வரும். தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு நிரல் என்றால் என்ன என்று காட்ட இந்தச் சொல்வரிசை உண்மையிலேயே உதவுகிறது.

6. வேண்டுமென்றே பிழை வையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறதென்றால் இதைச் செய்யுங்கள். ஓடும் நிரலை எடுத்து ஒவ்வொரு பிழையாக நுழைத்து, மொழி என்ன செய்கிறது என்று பார்த்து மதிப்பெண் போடுங்கள். ஓடுமுன்பே பிடித்தால் 3. ஓடும்போது சரியான வரியைக் காட்டி நின்றால் 2. தவறான வரியைக் காட்டினாலோ புரியாத செய்தி தந்தாலோ 1. மௌனமாகத் தவறான விடை தந்தால் 0.

*மாறிப் பெயரில் ஓர் எழுத்துப் பிசகு.* கோ, ஜாவா, ரஸ்ட், சி கம்பைல் நேரத்தில் பிடிக்கும். பைத்தான் அந்த வரி ஓடும்போதுதான் சொல்லும். கோப்பு இல்லாதபோது மட்டும் ஓடும் வரியில் பிசகு இருந்தால் மாதக்கணக்கில் தெரியாமலே போகலாம். 3.10 முதல் ‘இதைச் சொன்னீர்களா’ என்று சரியான பெயரையும் காட்டுகிறது. ஜாவாஸ்கிரிப்டில் தளர்ந்த நிலையில் பிசகிய பெயருக்கு மதிப்புக் கொடுத்தால் புது மாறியை உருவாக்கிவிட்டுப் பேசாமல் போகும். ஸ்ட்ரிக்ட் நிலையில் எழுதினால் தடுக்கும்.

*மூடாத அடைப்புக்குறி.* பைத்தான் 3.10-க்கு முன் அடுத்த வரியைக் குற்றம் சொல்லும். இப்போது திறந்த இடத்தையே காட்டி ‘மூடவில்லை’ என்கிறது. சியில் நெளிவு அடைப்பு விடுபட்டால் பிழை பெரும்பாலும் கோப்பின் கடைசியில் தெரியும், காரணம் மேலே எங்கோ இருக்கும்.

*எண்ணையும் சரத்தையும் கூட்டுவது.* கோ, ரஸ்ட் கம்பைல் ஆகாது. பைத்தான் டைப் எரர் தரும். ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் "5"-ஓடு 1-ஐக் கூட்டி "51" தரும். ஜாவாஸ்கிரிப்ட் கழித்தால் மட்டும் 4 தரும்.

*கோப்பு இல்லை.* ஜாவா இந்தச் சாத்தியத்தைக் கையாளாவிட்டால் கம்பைலே செய்யாது. ரஸ்ட் ரிசல்ட் என்ற உறைக்குள் வைத்துத் தருவதால் பிரிக்காமல் பயன்படுத்த முடியாது. கோவில் பிழை மதிப்பை அடிக்கோட்டில் தள்ளிவிட்டால் தடையில்லை. கோப்பு காலி என்று நினைத்து ‘சொல் எதுவும் இல்லை’ என்று அச்சிடும், இது பூஜ்ய மதிப்பெண். சியில் காலிச் சுட்டியைச் சோதிக்காமல் வாசித்தால் செக்மென்டேஷன் ஃபால்ட், அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது.

*பட்டியலில் இல்லாத இடத்தைக் கேட்பது.* எட்டுச் சொற்களே உள்ள கோப்பைக் கொடுத்துப் பத்தாவதைக் கேளுங்கள். பைத்தான், ஜாவா, கோ, ரஸ்ட் நிற்கும். ஜாவாஸ்கிரிப்ட் அன்டிஃபைன்டு என்று அச்சிட்டுத் தொடரும். சி குப்பை மதிப்பையும் தரலாம், சரியாக ஓடுவதுபோலும் நடிக்கலாம்.

*ஒப்பிட வேண்டிய இடத்தில் ஒற்றைச் சமக்குறி.* பைத்தானும் கோவும் இலக்கணப் பிழை என்று தள்ளும். ரஸ்ட்டும் வகை பொருந்தவில்லை என்று மறுக்கும். ஜாவாவில் பூலியன் மாறி என்றால் மட்டும் நழுவும். சியும் ஜாவாஸ்கிரிப்டும் அனுமதிக்கும்.

கூட்டிப் பாருங்கள். எழுதும்போது கோடுகள் மிக அதிகம் விழுந்த ரஸ்ட் இங்கே உச்சத்தில் நிற்கும். எழுத இலகுவான ஜாவாஸ்கிரிப்ட் அடியில் சியோடு சேர்ந்து நிற்கும். எழுதும் சுகமும் திருத்தும் சுகமும் வேறு வேறு.

7. மாற்றம் கேளுங்கள்

இரண்டு வாரம் நிரலைத் தொடாதீர்கள். பிறகு, முடிந்தால் வேறொருவரிடம், ஒரு மாற்றம் கேளுங்கள்: சம எண்ணிக்கைச் சொற்களை இனித் தமிழ் அகர வரிசையில் அடுக்க வேண்டும். எத்தனை வரிகளைத் தொட்டார், முதல் முறையே சரியாக ஓடியதா என்று குறியுங்கள்.

இந்த மாற்றம் சாதாரணமாகத் தெரியும், ஆனால் எல்லா மொழியிலும் இயல்பான ஒப்பீடு தவறான வரிசைதான் தரும். யூனிகோட் எண்வரிசையில் ‘ன’ என்பது ‘ந’வுக்கும் ‘ப’வுக்கும் நடுவே இருக்கிறது, ‘ற’ ‘ர’வை ஒட்டி வருகிறது. புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னே நிற்பதால் மெய்யெழுத்து தன் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். ஜாவாஸ்கிரிப்டில் இன்ட்ல் கொலேட்டரிடம் தமிழ் என்று சொன்னால் போதும், ஒரு வரி. பைத்தானுக்கு பைஐசியு என்னும் வெளித் தொகுப்பு வேண்டும், கோவுக்கு அதன் குழுவே தரும் துணைத் தொகுப்பு. மொழியோடு வரும் நூலகத்தில் என்ன இருக்கிறது என்பது இலக்கணத்தைவிட எளிமையைத் தீர்மானிக்கும் இடங்களில் இது ஒன்று.

8. எடை போடும்போது

இப்போது கையில் ஐந்து எண்கள் இருக்கும்: நிறுவும் நேரம், ஆவணக் கோடுகள், குறியடர்த்தி, பிழை மதிப்பெண், மாற்றத்தில் தொட்ட வரிகள். இவற்றைக் கூட்டி ஒரே எண்ணாக்காதீர்கள். யாருக்காகத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அவருக்கு எது கனம் என்று பாருங்கள்.

முதன்முதலாகக் கற்பவருக்கு ஆவணக் கோடும் குறியடர்த்தியும் கனம். பைத்தானே எங்கள் பரிந்துரை, 3.10-க்குக் குறையாத பதிப்பில். தனியாள் ஒருமுறை ஓட்டித் தூக்கிப்போடும் நிரலுக்கும் அதுவே. 2000-இல் லுட்ஸ் பிரெஷெல்ட் ஒரே கணக்கை ஏழு மொழிகளில் பலரை எழுதவைத்து ஒப்பிட்டபோது, பெர்ல், பைத்தான் போன்ற ஸ்கிரிப்ட் மொழிகளில் எழுதும் நேரமும் நிரல் நீளமும் சி, சி++, ஜாவாவில் பாதி அளவே ஆயின. ஐந்தாறு பேர் மாறி மாறிக் கை வைக்கும் சேவைக்கு மாற்றத்தின் எண்ணும் ஒரே மாதிரியான தோற்றமும் கனம், கோ அங்கே பொருந்தும். பிழை வெளியே போனால் பணமோ உயிரோ போகும் இடத்தில் பிழை மதிப்பெண் ஒன்றையே பாருங்கள், ரஸ்ட்டின் கோடுகளைப் பொறுத்துக்கொள்ளலாம். தமிழ் உரையை உலாவியில் கையாளும் வேலைக்கு ஜாவாஸ்கிரிப்டை அதன் பிழை மதிப்பெண்ணுக்காக ஒதுக்காதீர்கள். அதற்கு வகைச் சோதனை சேர்த்த டைப்ஸ்கிரிப்டாக எழுதினால் பெயர்ப் பிசகும் சில வகைக் குழப்பங்களும் ஓடுமுன்பே பிடிபடும், இன்ட்ல் வசதிகளும் கூடவே வரும்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் பதிப்பு எண்ணை எழுதுங்கள். பைத்தான் 3.9-இலும் 3.10-இலும் அடைப்புக்குறிச் சோதனையின் மதிப்பெண் வேறு. ஜாவா 21-க்கு எழுதிய நிரலும் 25-க்கு எழுதியதும் முதல் திரையில் ஒன்றுபோல் இருக்காது. புதுப் பதிப்பு வந்தால் எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டியதில்லை. பிழை நுழைக்கும் படியை மட்டும் மீண்டும் ஓட்டினால் போதும். நிரல்கள் கையில் இருந்தால் ஒரு மொழிக்கு அரை மணி நேர வேலை.